தூர மேற்குக்கு ஓர் இடம்

1

இந்த ஆனியோடு நாங்கள் அவுஸ்திரேலியாவுக்கு வந்து ஐந்து வருடம் நிறைந்தது. யோகம் விடியவே எழும்பிப் பச்சரிசியில் பால்புக்கை காய்ச்சினாள். யோகம் என் மனைவி, வன்னிப் பக்கத்துப் பெண். ஒரு யாழ்ப்பாணத்தானைக் கட்டியதற்காகத் தன்னை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. மகள் வாணிக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "நொட் ஹங்றி, அப்பா" என்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பத்து நிமிடத்தில் குசினியில் பாண் வாட்டும் மணம் வந்தது.

அப்போதுதான் கதவு மணி அடித்தது. சிட்னி ஹோம்புஷில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒருவர். சிறுவர் றக்பி லீக் கழகத்துக்குச் செயலாளர் தேவையாம். நான் கணக்கு வாத்தியார் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே இல்லை என்றுவிட்டேன். யோகம் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு செயலாளரின் பேனா என்னவெல்லாம் செய்யும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் குளிரைக் கேட்கிறீர்கள், கங்காருவைக் கேட்கிறீர்கள், சம்பளத்தைச் சுற்றிவளைத்துக் கேட்கிறீர்கள். றக்பி லீக்கை ஒருவரும் கேட்கவில்லை, ஆகவே அதை இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். கேட்காததைச் சொல்லிக் கொடுப்பது வாத்திமாரின் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

வந்த புதிதில் சிட்னிக் கல்விக் கந்தோரில் மூன்று நாள் இருத்தி வைத்தார்கள். நாலாம் நாள் ஒரு அதிகாரி சுவரில் தொங்கிய வரைபடத்தில் அளக்கும் அடிமட்டத்தால் ஒரு புள்ளியைத் தொட்டார். அதுதான் என் பாடசாலை. தூரமா என்று கேட்டேன். "இதே மாநிலம்தான்" என்று ஆறுதல் சொன்னார். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் முழு இலங்கையையும் நீட்டிப் படுக்க வைத்தால், சிட்னிக்கும் அந்த ஊருக்கும் நடுவில் இரண்டு தரம் படுக்கும். முதலில் ரயில், பிறகு பஸ். பஸ் கண்ணாடிக்கு வெளியே ஒரு மனிதக் குடியிருப்பும் இல்லாமல் மணிக்கணக்காகச் செம்மண் ஓடியது. யோகம் என் கையைப் பிடித்தபடியே இருந்தாள். எனக்குப் பயமா வியப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை நிலத்தைக் கடவுள் எதற்காக மிச்சம் பிடித்து வைத்தார் என்று மட்டும் யோசித்தேன்.

முதல் கிழமையே கெவின் வந்து சேர்ந்தார். நகரசபையின் வீதி சமப்படுத்தும் இயந்திரம் ஓட்டுகிறவர். சிறுவர் அணிகளின் பயிற்சியாளரும், கழகத் தலைவரும், மைதானக் கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுகிறவரும் அவர்தான். அவர் பேசியது ஆங்கிலம், ஆனால் என் காதில் விழுந்தபடி நம் தமிழில் எழுதுகிறேன்.

"நீர் நல்லா எழுதுவீராம். எங்களுக்குச் செயலாளர் இல்லை. உதைபந்துக் கழகம், பெரிய வேலை ஒண்டுமில்லை."

உதைபந்துதானே என்று ஓம் சொன்னேன். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் பந்து உருண்டையாக இல்லை. தேங்காயைப் போல இரண்டு பக்கமும் கூர். ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், பிடித்து விழுத்துகிறார்கள். எதிர்ப்பக்கக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் பந்தை நிலத்தில் வைத்தால் புள்ளி. ஆனால் கையால் முன்னுக்கு எறியக் கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் எறியலாம். ஆழமறியாமல் காலை விட்டுவிட்டேன்.

மைதானத்தில் புல் என்று ஒன்று இல்லை. செம்மண்ணும் நெருஞ்சியும். நம்முடைய அதே நெருஞ்சி முள்தான், அவர்கள் வேறு பெயர் சொல்கிறார்கள். விளையாட்டுக்கு முன் பிள்ளைகள் பழைய கம்பளம் ஒன்றைக் கயிறு கட்டி மைதானம் முழுக்க இழுப்பார்கள். முள்ளெல்லாம் அதில் குத்திக்கொண்டு வந்துவிடும். பிறகு எதிரணிப் பிள்ளைகளும் சேர்ந்து குந்தியிருந்து அதைப் பிடுங்குவார்கள். பிடுங்கி முடிந்ததும் ஒருவரையொருவர் விழுத்தத் தொடங்குவார்கள். அந்த எதிரணி நூற்றிருபது மைல் தாண்டி வந்திருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் நாற்பது நிமிட விளையாட்டுக்குத் தாய் தகப்பன்மார் இருநூற்று நாற்பது மைல் கார் ஓட்டுகிறார்கள் என்பதை நம்ப எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

3

அந்தப் பிரதேசத்தின் பிள்ளைகள் பாதிப்பேர் ஊரில் இல்லை. ஐம்பது, நூறு மைலுக்கு அப்பால் ஆட்டுப் பண்ணைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடமே வானொலியில்தான். வீட்டில் ஒரு பேசும் கருவி இருக்கும். வாத்தியார் இங்கே கேள்வி கேட்க, பிள்ளைகள் அங்கேயிருந்து பதில் சொல்லும். வியாழக்கிழமை பாடம் முடிந்ததும் அந்தக் கருவியை அரை மணி நேரம் கெவின் இரவல் வாங்குவார்.

ஒருநாள் என்னையும் பக்கத்தில் இருத்தினார். அழுக்குச் சப்பாத்தும் தொப்பியுமாக அந்தச் சின்ன அறையில் இருந்துகொண்டு, கண் காணாத ஐந்து பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். "தண்ணித் தாங்கிக்கு ஓடிப்போய்த் தொட்டிட்டு வா. வந்து எத்தனை மூச்சில வந்தனி எண்டு சொல்லு." கருவிக்குள் இரைச்சல். கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை மேல்மூச்சு வாங்கிக்கொண்டு எண்ணிக்கை சொன்னது. பிறகு இன்னொன்று. நான் இருபது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன். படிப்பித்தல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தவன். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடவேணும் போல இருந்தது.

அந்த ஐந்து பேரில் ஒருவன் டேனி. தொண்ணூறு மைலுக்கு அப்பால் இருந்த பண்ணையில் தகப்பன் வேலி பார்க்கிறவர். டேனிக்குப் பயிற்சித் துணை அவனுடைய தங்கச்சி மட்டும்தான். ஒன்பது வயது. அவள் எறிவாள், அவன் பிடிப்பான். அவன் ஓடுவான், அவள் பின்னால் வந்து வாங்குவாள். இரண்டு கிழமைக்கு ஒருதரம் தகப்பன் ஊருக்குக் கொண்டுவந்து இறக்குவார். மைதானத்தில் டேனியைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எங்கே இடைவெளி திறக்கப் போகிறது என்பது மற்றவர்களுக்கு முதலே அவனுக்குத் தெரிந்துவிடும். எனக்கு விளையாட்டு விளங்காத காலத்திலும் அது விளங்கியது. கணக்கில் அப்படி ஒரு மாணவனை நான் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன். அது என் தம்பி கணேசன்.

4

ஒவ்வொரு வருடமும் முந்நூறு மைல் தள்ளியிருந்த பெரிய பட்டினத்தில் தெரிவு நடக்கும். எங்கள் வட்டாரம் முழுதுக்கும் சேர்த்துப் பதினெட்டுப் பிள்ளைகள். அவர்கள் சிட்னிக்குப் போய் ஒரு கிழமை விளையாடுவார்கள். அங்கே பெரிய கழகங்களின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். தூர மேற்கிலிருந்து ஒரு பிள்ளையும் ஒருநாளும் அந்தப் பதினெட்டுக்குள் வந்ததில்லை. எங்கள் மூன்றாம் வருடத்தில் கெவின் என்னிடம் வந்தார்.

"தெரிவுக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதும். பதினெட்டில ஒரு இடத்தைத் தூர மேற்குக்கு எண்டு விடச் சொல்லும். டேனிக்காகத்தான்."

எழுதுகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை.

கணேசன் பல்கலைக்கழகப் பரீட்சை எடுத்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். பலர் வீட்டில் அந்த வருடம் ஒன்று உண்டு. அவன் எடுத்த புள்ளிகளுக்கு முந்திய காலத்தில் இரண்டு பீடத்தில் இடம் கிடைத்திருக்கும். தரப்படுத்தல் வந்தது. தமிழில் எழுதினவர்களுக்குக் கூடிய வெட்டுப்புள்ளி, பிறகு பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒரு பங்கு என்றார்கள். அவனைவிட மிகக் குறைந்த புள்ளிக்காரர்கள் போனார்கள். அவன் மூன்று நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அந்தக் கிழமைதான் நான் இந்த நாட்டுக்கு விண்ணப்பம் போட்டேன். அப்படிப்பட்டவன் "எங்கள் மாவட்டத்துக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்" என்று எப்படி எழுதுவது?

எழுதவில்லை. பதிலாக இப்படி எழுதினேன்: "எங்கள் பிள்ளைகளுக்குச் சலுகை எதுவும் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒரே அளவுகோல். தேறினால் எடுங்கள்." நல்ல ஆங்கிலம். எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த நாள் கெவினிடம் நீட்டினேன். அவர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"நீர் எழுதினாச் சரியாத்தானே இருக்கும்."

நான் வாய் திறக்கவில்லை. டேனி எப்படியும் தேறுவான் என்று நம்பினேன். அவன் தேறினால் கடிதத்தைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

5

தெரிவு நாளன்று விடியமுன் மூன்று வாகனங்களில் ஒன்பது பிள்ளைகளோடு புறப்பட்டோம். டேனி அதற்கு முதல்நாளே தொண்ணூறு மைல் வந்திருந்தான். வழியில் வண்டிக் குலுக்கலில் இரண்டு தரம் சத்தி எடுத்தான். பதினொன்றரைக்குத் தெரிவு, பதினொன்றுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

மைதானம் பச்சைப்பசேல் என்று இருந்தது, தண்ணீர் விட்டு வளர்த்த புல். எங்கள் பிள்ளைகள் இறங்கியதும் குனிந்து கையால் தடவிப் பார்த்தார்கள். முள் இல்லாத நிலத்தில் எப்படி விழுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஈரப் புல்லில் சப்பாத்து வழுக்கியது. செம்மண்ணில் துள்ளும் பந்து அங்கே துள்ளவில்லை. பட்டினத்துப் பிள்ளைகள் தங்கள் கட்டிலில் நித்திரை கொண்டு எழும்பி, காலைச் சாப்பாடு சாப்பிட்டு, ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விளையாடினார்கள். டேனியின் பெயர் ஒருவருக்கும் தெரியாது, ஆகவே ஒருவரும் அவனுக்கு எறியவில்லை. வந்த மூன்று பந்தையும் அவன் நழுவவிட்டான். ஒன்பது பேரில் ஒருவரையும் எடுக்கவில்லை.

தெரிவுக்குழுத் தலைவர் கெவினிடம் வந்து கை கொடுத்தார். நல்ல மனிதர், குத்தலாகச் சொல்லவில்லை.

"உம்மட கடிதம் எனக்குப் பிடிச்சது. சலுகை வேண்டாம் எண்டு எழுதியிருந்தீர். கூட்டத்தில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனான். போன மாதம் ஒரு இடம் விடுறதைப் பற்றி யோசிச்சனாங்கள், உம்மட கடிதத்தைப் பாத்திட்டுத்தான் அந்த யோசனையைக் கைவிட்டனாங்கள்."

கெவின் திரும்பி என்னைப் பார்த்தார்.

திரும்பும்போது அவருடைய வண்டியில்தான் நான். நூறு மைல் தாண்டிப் பெட்ரோல் அடிக்க நிறுத்தினார். கடைக்குள் போய்த் தனக்கு இறைச்சி அடைத்த 'பை' பலகாரமும் எனக்கு உருளைக்கிழங்குப் பொரியலும் வாங்கி வந்தார். அந்தக் கோபத்திலும் நான் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கணேசனின் கதை முழுவதையும் சொன்னேன். வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"உம்மட தம்பி பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் போனவன்?"

"அரை மைல். சைக்கிளில."

"ஆய்வுகூடம் இருந்ததோ?"

"மூண்டு இருந்தது."

"வாத்திமார்?"

"நாட்டிலேயே திறமான ஆக்கள்."

அவர் கியரை மாற்றினார்.

"டேனிக்கு அவன்ர தங்கச்சி இருக்கிறாள்" என்றார் கெவின்.

6

நடந்ததை யோகத்திடம் சொன்னேன். என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"எங்கட பள்ளிக்கூடத்துக்குப் பௌதிகம் படிப்பிக்க ஒருத்தர் வந்தவர். மூண்டு மாதத்தில மாற்றம் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போட்டார். பிறகு ஒருத்தரும் வரேல்லை. நான் கெட்டிக்காரிதான். கலைப்பிரிவு படிச்சன், அதுதான் இருந்தது." இன்னொரு துணியை எடுத்தாள். "பெரியப்பாவின்ர பேரன் இப்ப டொக்டருக்குப் படிக்கிறான். அந்தப் பங்கில போனவன்தான். எங்கட பக்கத்தில அவன்தான் முதல் ஆள். இத்தினை நாளும் உங்களுக்குச் சொல்லேல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"உங்கட தம்பியின்ர முகத்தை நினைச்சுத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. மொழியைப் பார்த்து வெட்டியதும் நியாயமா என்று கேட்டேன்.

"அது அநியாயம்தான். நானும் அப்பிடித்தான் சொல்லுவன். ஆனா நீங்கள் எல்லாத்தையும் ஒரே சாக்கில போட்டுக் கட்டி வைச்சிருக்கிறியள். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும் எண்டு சும்மாவே சொன்னவை?"

கலியாணம் முடித்துப் பதினான்கு வருடம். கல்லூரிக்கு அரை மைல் என்று நான் பெருமையாகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் இவள் பேசாமல் தேநீர் ஊற்றியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

இரண்டாவது கடிதத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. எத்தனை மைல், எத்தனை மணி நேரம், புல்லில் விளையாடிப் பழகிய நாட்கள் பூச்சியம் என்று கணக்காகவே எழுதினேன். பதினெட்டில் ஓர் இடம் விடுங்கள், அதற்கு ஆளைத் தெரிவு செய்ய நீங்கள் எங்கள் மண்ணுக்கு வாருங்கள் என்று கேட்டேன். முதல் கடிதம் கழகத் தலைவருக்குத் தெரியாமல் நான் எழுதியது என்பதையும் சேர்த்தேன். இந்த முறை கெவினுக்கு உரத்து வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினேன். ஒரு வரியை வெட்டச் சொன்னார், நான் என்னை மோசமாகத் திட்டியிருந்த வரியை.

டேனிக்கு அந்த வயதுப் பிரிவில் இன்னும் ஒரேயொரு வருடம்தான் இருந்தது. பதில் வருமுன்பே படிவங்கள் வந்தன. பிறப்பத்தாட்சிப் பத்திரம் கேட்டார்கள். டேனியின் தாய் விசுக்கோத்துத் தகரத்தில் பத்திரமாக வைத்திருந்ததைக் கறையான் தின்றிருந்தது. பதிவாளர் கந்தோருக்கு நான் நாலு கடிதம் எழுதவேண்டி வந்தது. அது கிடைத்து அனுப்பியதும், எனக்குச் சிட்னிக்கு மாற்றம் வந்தது. ஹோம்புஷுக்கு வந்து மூன்று மாதத்தில் கெவின் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தெரிவுக்குழு வந்தது. கம்பளம் இழுத்ததை நிண்டு பாத்தவை. டேனியை எடுத்திட்டினம்."

நான் ரிசீவரை வைத்துவிட்டு யோகத்திடம் சொன்னேன். அவள் சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

7

ஆடி மாதத்தில் சிட்னியில் அந்த விளையாட்டு நடந்தது. கெவின் வரவில்லை, வெள்ளம் அள்ளிய வீதியைச் சமப்படுத்த வேண்டியிருந்தது. நான் மட்டும் போனேன். வாணிக்கு வேறு வேலை இருந்தது. பக்கத்து இருக்கையில் பெரிய உடம்புக்காரர் ஒருவர் வந்து அமர்ந்தார். றெஜ் என்று பெயர் சொன்னார். அந்தப் பெரிய பட்டினத்துக்காரர், தோடம்பழம் ஏற்றிக்கொண்டு சிட்னிச் சந்தைக்கு லொறி ஓட்டி வந்தவர்.

"உங்கட மகன் விளையாடுறாரோ?" என்று கேட்டேன்.

"இல்லை. என்ர ஸ்டீபன் பத்தொன்பதாவது ஆள். தூர மேற்குக்கு எண்டு ஒரு இடத்தை விட்டிட்டினம், அதால போச்சு. அந்த இடத்தை எடுத்த பொடியன் எப்பிடி விளையாடுறான் எண்டு பாக்க வந்தனான்."

நான் முகத்தை மைதானத்தின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

டேனி புல்லில் நின்றான். இந்தமுறை வழுக்கவில்லை. ஒரு கிழமை முந்தியே கூட்டிவந்து மற்றப் பிள்ளைகளோடு பழகவிட்டிருந்தார்கள். இரண்டாம் பாதியில் பந்து அவன் கைக்கு வந்தது. மூன்று பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பாமலே பின்னால் எறிந்தான், தங்கச்சி அங்கேதான் வருவாள் என்பதுபோல. அங்கே பட்டினத்துப் பிள்ளை ஒருவன் வந்துகொண்டிருந்தான். வாங்கி ஓடிக் கோட்டைத் தாண்டி வைத்தான். பேசும் கருவி, தண்ணீர்த் தாங்கி, ஒன்பது வயதுத் தங்கச்சி, அவ்வளவுதான் அவனுடைய கல்லூரி. அதிலிருந்து இவன் எப்படி வந்தான்? நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். பக்கத்தில் றெஜ்ஜும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

இருந்ததும் சொன்னார்: "நல்ல பொடியன். ஆனா என்ர மகனும் இவனுக்குக் குறைஞ்சவன் இல்லை."

"ஓம்" என்றேன். "அந்த இடத்தைக் கேட்டுக் கடிதம் எழுதினது நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன்.

"திரும்பவும் எழுதச் சொன்னா எழுதுவீரோ?"

"எழுதுவன்."

சட்டைப்பையில் பேனாவைத் தேடி எடுத்தார்.

"அப்ப என்ர பொடியனுக்கும் ஒண்டு எழுதும். தன்ர திறமை காணாது எண்டு நினைக்கிறான். நான் சொன்னா நம்புறானில்லை." நுழைவுச் சீட்டின் பின்புறத்தில் விலாசத்தை எழுதித் தந்தார்.

அந்த ஒரு பக்கம் எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. ஸ்டீபன், உன் இடத்தை எடுத்தவன் டேனி அல்ல, நான். ஏன் எடுத்தேன் என்று இதில் சொல்கிறேன். அது சரியென்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் நீ இழந்தது இழப்புத்தான், அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர் வேண்டும் என்று எழுதினேன். தபாற்பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போது கால் நின்றுவிட்டது. கணேசனுக்கு இப்படி ஒரு கடிதம் அரசாங்கத்தில் ஒருவரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அவன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராகச் சேர்ந்தபோது, "நல்ல உத்தியோகம், ஓய்வூதியமும் உண்டு" என்றுதான் எழுதினேன்.

அது நடந்து இரண்டு வருடம். அவனுக்கு எழுத எத்தனையோ ஏரோகிராம் கடிதத்தாள் வாங்கிவிட்டேன். எல்லாவற்றிலும் குளிரைப் பற்றித்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன். கணேசா, இந்தப் பத்திரிகை உங்கள் கந்தோருக்கு வரும் என்று நீ முன்பொருமுறை எழுதியிருந்தாய். இதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பாய். நீ குறைந்தவன் இல்லை. உன்னிடமிருந்து எடுத்தார்கள். அதில் ஒரு பங்கு அநியாயம், ஒரு பங்கு உன் அண்ணியைப் போன்றவர்களுக்குப் போனது. இரண்டையும் உனக்குப் பிரித்துச் சொல்ல எனக்கு ஐந்து வருடம் எடுத்தது. அந்த மூன்று நாளும் நான் உன் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.